குறுக்கே வெட்டிய கொடி

யாழ்ப்பாணத்துக் கிளுவை வேலியில் ஏறிப் படர்ந்த முற்றிய சீந்திற்கொடியைக் கத்தியால் குறுக்கே வெட்டினால், வெட்டுவாயில் ஒரு வண்டிச் சில்லுத் தெரியும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மரப்பகுதி ஆப்பு ஆப்பாகப் பிரிந்து நிற்கும். ஆப்புக்கும் ஆப்புக்கும் இடையே மென்மையான அகன்ற கதிர்கள் ஓடும். வேம்பிலோ பூவரசிலோ இந்தக் கோலத்தைக் காண முடியாது. 19ஆம் நூற்றாண்டுத் தாவரவியலார் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து எழுதிய இதே அமைப்பு, 16ஆம் நூற்றாண்டு வடமொழி மருத்துவ நூலான பாவப்பிரகாசத்தில் ஒரு பெயராகவே இருக்கிறது. சீந்திலுக்கு அது தரும் பெயர்களில் ஒன்று சக்கரலட்சணிகா, சக்கரத்தை அடையாளமாக உடையவள். ஒரே செடிக்குப் பத்துப் பதினைந்து பெயர் சொல்லும் நம் நிகண்டுகளையும் வாகடங்களையும் அறிவியல் படித்தவர்கள் நெடுங்காலமாகக் குழப்பத்தின் சான்றாகவே பார்த்து வந்திருக்கிறார்கள். கொடிகளைப் பொறுத்தவரை அந்தப் பார்வை தவறு. அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு கவனிப்பு. சேர்த்து வாசித்தால் அவை ஒரு தாவர விவரணம். ஆனால் எந்தச் செடியைப் பார்த்து அந்த விவரணம் எழுந்தது என்று காட்டும் சான்று கையில் இல்லாவிட்டால் அது தன் பொருளை இழந்துவிடும். இந்த இரண்டு உண்மைகளையும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றிலேயே பார்க்கலாம்.

சீந்தில்போன்ற வன்கொடி மழைக்காட்டுக்கு உரியது என்ற எண்ணம் பொதுவானது. தன் உடலைத் தானே தாங்கும் அடிமரத்தில் முதலிடாமல், பிறமரத்தைப் பற்றி ஏறி வெளிச்சத்தைத் தேடுவது அதன் வாழ்க்கை முறை. குடாநாட்டிலோ ஆண்டு முழுதும் ஓடும் ஆறும் இல்லை, அடர்காடும் இல்லை. சுண்ணாம்புக்கல்லின் மேல் செம்மண். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான பருவத்தில் கொட்டித் தீரும். இங்கே கொடிக்குக் காடாக இருப்பது வேலி. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நட்டு உயிர்வேலி கட்டும் வழக்கம், வளவுக்கு வளவு ஒரு நீண்ட மரவரிசையை உண்டாக்கிவிட்டது. சீந்தில், பிரண்டை, குறிஞ்சா, கோவை, முசுமுசுக்கை எல்லாம் அதில் ஏறிக்கொண்டன. வறட்சியைத் தாங்கச் சீந்திலுக்குத் தனி வசதிகள் உண்டு. சதைப்பற்றுள்ள தண்டு நீரைச் சேர்த்து வைக்கும். கடதாசிபோல் உரியும் மெல்லிய வெளித்தோல் அதை மூடியிருக்கும். தோலின் மேல் சிறுசிறு பருக்கள். கொடியின் உயரத்திலிருந்து நூல்போன்ற விழுதுகள் நிலத்தை நோக்கித் தொங்கும். வேலி அடைக்கும்போது அடியில் வெட்டிவிட்டால், மேலே மிஞ்சிய துண்டு வாடாமல் கிடந்து புதிய விழுதை இறக்கி மண்ணைத் தொட்டுப் பிழைத்துக்கொள்ளும். இதய வடிவ இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டைக் கொடியாக நிற்கும் காலத்தில்தான் பெரும்பாலும் பூக்கும். பூ மிகச் சிறியது, பச்சை கலந்த மஞ்சள். ஆண்பூ ஒரு கொடியிலும் பெண்பூ வேறொரு கொடியிலும் இருக்கும். பழம் பட்டாணி அளவில் சிவப்பாகத் திரளும்.

செடியை வெட்டிப் பார்த்து வகுப்பது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பிய மரபியல், வைரம் வெளிப்புறத்தில் இருப்பதைப் புல் என்றும் உள்ளே இருப்பதை மரம் என்றும் பிரிக்கிறது. வைரத்துக்கு அது வழங்கும் சொல் காழ். அந்தக் கணக்கில் வானளாவிய பனை புல்லாகிறது, முற்றத்து வேம்பு மரமாகிறது. பனை சூழ்ந்த குடாநாட்டாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வளையும் கைமரமும் பனையின் வெளிவைரத்தில்தான் எடுக்கப்படுகின்றன. உட்பகுதி மெத்தென்று சோறாகக் கிடக்கும். இன்றைய தாவரவியல் ஒருவித்திலை, இருவித்திலை என்று பிரிக்கும் எல்லையோடு இந்தப் பழைய எல்லை பெருமளவு ஒத்துப்போகிறது. உயரம், பயன், தோற்றம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு உள்ளமைப்பைப் பிரிவுக்கு அடிப்படையாகக் கொண்டது அதற்குக் காரணம். இலங்கையின் தமிழ்மொழிப் பாடநூல்கள் நீரைக் கடத்தும் மர இழையத்துக்குக் காழ் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டன. தமிழகத்து மாணவர் சைலம் என்று படிப்பதை யாழ்ப்பாணத்து மாணவர் காழ் என்று படிக்கிறார். மிகப் பழமையான ஒரு வகைப்பாட்டுச் சொல் வகுப்பறையில் இன்றும் வேலை செய்கிறது. சீந்திலின் சக்கரமும் இந்த வகைப் பார்வையிலிருந்து வந்ததே. காழ் வளையமாகச் சேராமல் ஆப்புகளாகப் பிரிந்து நிற்பதை வெட்டுவாயில் கண்டவர் அதைப் பெயராக்கினார்.

மற்றப் பெயர்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். அமரகோசத்தில் வரும் சின்னருகா என்பது வெட்டுண்ட பின்னும் வளர்வது. அறுந்த கொடி விழுது இறக்கிப் பிழைப்பதை வேலியில் கண்டவருக்கு இதைவிடச் சுருக்கமான வருணனை கிடையாது. தந்திரிகா என்றால் நூலுடையது, தொங்கும் விழுதை நினைவூட்டுவது. குண்டலி என்பது சுருண்டு சுற்றுவது, ஏறும் முறை. வத்சாதனி, கன்று தின்பது. தமிழ் வைத்தியர் வழங்கும் அமிர்தவல்லி, சாகாமூலி என்ற பெயர்களும் அறுத்தாலும் சாகாத அதே இயல்பைச் சுற்றியே நிற்கின்றன. இராவணன் வீழ்ந்த பின் இறந்த வானரர்மேல் இந்திரன் அமிர்தம் தெளித்தான், எழுந்தவர்களின் உடலிலிருந்து சிந்திய துளிகளில் இந்தக் கொடி முளைத்தது என்று பாவப்பிரகாசம் ஒரு பிறப்புக் கதை சொல்கிறது. கதை நிகழும் இடம் இலங்கை. கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. வெட்டியும் சாகாத ஒரு தண்டை நெடுநாள் பார்த்த கண் அதன் பின்னால் இருக்கிறது. தண்டின் உள், தண்டின் புறம், ஏறும் முறை, இனம்பெருகும் முறை, தின்னும் விலங்கு என இத்தனை குறிப்புகளையும் ஒரு மாணவன் சூத்திரமாக மனனம் செய்தான். ஏடு அரிதான காலத்தில் விவரணத்தைப் பெயருக்குள் வைத்துக் கடத்துவது அறிவான ஏற்பாடு.

ஐரோப்பாவிலும் முன்பு பெயரும் விவரணமும் ஒன்றாகவே இருந்தன. காஸ்பர் பௌகின் 1623இல் வெளியிட்ட பினாக்ஸ் ஏறத்தாழ 6000 செடிகளுக்கு வெவ்வேறு ஆசிரியர் இட்ட பெயர்களைத் திரட்டித் தந்தது. அவற்றுட் பல, நீண்ட வருணனைத் தொடர்கள். கீழைநாட்டுச் செடிகள் பின்னர் ஐரோப்பியரின் ஏடுகளில் சேர்ந்தன. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், அவர்களது கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672இல் இலங்கைக்கு வந்த பவுல் ஹெர்மன் செடிகளை உலர்த்தி ஒட்டி உள்நாட்டுப் பெயர்களோடு தொகுத்தார். மலையாளக் கரையில் ஒல்லாந்த அதிகாரி வான் ரீட் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும் கொங்கணிப் பண்டிதர் மூவரும் சொன்ன பெயர்களும் பயன்களும் அதற்கு அடித்தளம். சீந்தில் அதன் 7ஆம் தொகுதியில் சித்தாமிர்து என்ற பெயரில் படத்தோடு இருக்கிறது. அந்த நூலின் செடிக்கூட்டங்கள் ஈழவ வைத்தியரின் பகுப்பைத் தழுவியவை என்று வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ் வாதிட்டிருக்கிறார். ஹெர்மனின் தொகுப்பு தாவரவியலார் லின்னேயஸின் கைக்கு வந்து 1747இல் புளோரா சைலானிக்கா என்ற நூலாயிற்று. 1753இல் அவர் பெயரை விவரணத்திலிருந்து பிரித்தார். பேரினத்துக்கு ஒரு சொல், சிற்றினத்துக்கு ஒரு சொல். மற்றதெல்லாம் பெயருக்கு வெளியே. நாட்டுவழக்குப் பேரினப் பெயர்களை அவர் விரும்பவில்லை. நாம் கார்த்திகைப்பூ என்னும் காந்தளுக்கு, மலையாள மேத்தோன்னியைத் தழுவி ஹெர்மன் வைத்த மெத்தோனிக்கா என்ற பெயர் போய், குளோரியோசா வந்தது.

சீந்திலின் அறிவியற் பெயரும் இப்படியே படிப்படியாகச் செதுக்கப்பட்டது. தாவரவியலார் வில்டெனோ 1806இல் அதை மெனிஸ்பெர்மம் கார்டிபோலியம் என்றார்: பிறைபோல் வளைந்த விதை, இதய வடிவ இலை. மெனிஸ்பெர்மம் அப்போது உலகெங்குமுள்ள பல கொடிகள் அடைந்துகிடந்த பெரிய கூடை. 1851இல் மையர்ஸ் அதிலிருந்து டினோஸ்போரா என்ற பேரினத்தைப் பிரித்தார். ஹூக்கரும் தாம்சனும் 1855இல் டினோஸ்போரா கார்டிபோலியா என்ற இன்றைய பெயரை நிறுத்தினர். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி டிரைமன் இலங்கைத் தாவரங்களுக்கு எழுதிய கைந்நூல் 1893 முதல் வெளிவந்தது. சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் அதில் இடம்பெற்றன. இந்த வழியில் கிடைத்த நன்மை பெரிது. ஒரு பெயருக்கு ஒரு மாதிரித் தாள், அந்தத் தாளை எவரும் எடுத்துப் பார்த்து ஐயம் தீர்க்கலாம். ஆனால் கொடிகளில் இந்த முறைக்கு ஒரு சங்கடம் உண்டு. வகைப்பாடு பூவையும் கனியையும் நம்பியது. வன்கொடி தன் பூவை மரத்தின் உச்சியில் வைக்கிறது. கீழே நிற்பவர் கைக்கு எட்டுவது தண்டு மட்டும். ஆண்பெண் வேறான சீந்திலில் ஒரு கொடியைச் சேகரித்தவர் பாதிச் செடியைத்தான் சேகரித்தார். உலர்த்தி ஒட்டிய தாளில் சதைத்தண்டு சுருங்கிவிடும். உரிந்த தோலும் தொங்கிய விழுதும் வெட்டுவாய்ச் சில்லும் மறைந்துபோகும். இன்று வெப்பமண்டலக் காடுகளில் வன்கொடிகளைக் கணக்கெடுப்போர் தண்டின் குறுக்குவெட்டையும் பட்டையையும் வெட்டினால் வடியும் நீரையும் பார்த்தே இனம் பிரிக்கப் பழகியிருக்கிறார்கள். நாட்டு வைத்தியரான பரியாரி தொடங்கிய இடத்துக்கு ஆய்வாளர் வந்து சேர்ந்திருக்கிறார்.

இந்த இரண்டு வழிகளும் ஒரே மேசையில் சந்தித்த இடங்களில் ஒன்று 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணம். 1842இல் மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகம் வெளியிட்ட அகராதி, சந்திரசேகர பண்டிதரின் உழைப்பில் 58,500 சொற்களைத் திரட்டியது. நிகண்டில் செய்யுளாகக் கிடந்த செடிப் பெயர்களை அகரவரிசையில் எவரும் தேடலாம் என்ற நிலை வந்தது. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வேலை 1862இல் வின்சுலோவின் பேரகராதியாக முடிந்தபோது பல செடிகளின் தமிழ்ப் பெயருக்கு எதிரே லத்தீன் பெயரும் நின்றது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 60க்கு மேற்பட்டவர்களைப் பயிற்றினார். 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலான நூல்களோடு இந்துபதார்த்தசாரம் என்ற மருந்துப்பொருள் நூலும் அந்த முயற்சியில் தமிழுக்கு வந்தது. 1868இன் இந்திய மருந்துநூல் சீந்திலை அரசு ஏற்ற மருந்தாகச் சேர்த்திருந்த காலம் அது. மறுபுறம், யாழ்ப்பாண அரசர் காலத்தவை என்று மரபு சொல்லும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களின் ஏடுகள் பரியாரிமார் வீடுகளில் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பரராசசேகரத்தை அச்சேற்றினார். ஆக, பெயர்ப்பட்டியல், லத்தீன் இணை, மருந்துநூல், ஏட்டுச்சுவடி நான்கும் சில மைல் தூரத்துக்குள் இருந்தன. இல்லாதிருந்தது ஐந்தாவது ஒன்று: இந்த ஊர்ப் பரியாரி இந்தப் பெயரால் குறித்த கொடி இதுதான் என்று காட்டும் உலர்ந்த மாதிரி. அகராதி சொல்லைச் சொல்லோடு பொருத்தியது. சொல்லைச் செடியோடு பொருத்தும் வேலை பாதியில் நின்றது.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் முதலாவது, பெயர்களில் கவனிப்பைவிடப் புகழ்ச்சியே மிகுதி என்பது. அது ஓரளவு உண்மை. இரசாயனி என்ற பெயர் உடலுக்கு ஊட்டம் தருவது என்ற மதிப்பைச் சொல்கிறதே ஒழியச் செடியை அடையாளம் காட்டவில்லை. சோமவல்லி என்ற பெயரைக் காட்டி, சோமன் சந்திரன், மெனிஸ்பெர்மம் சந்திரவிதை, ஆகவே நம் முன்னோர் விதையின் பிறைவடிவை அறிந்திருந்தனர் என்று வாதிக்கவும் ஆசை வரும். அந்த ஆசையை அடக்க வேண்டும். சோமம் அமிர்தத்தோடு சேர்ந்த சொல். அந்தப் பெயர் விதையைப் பார்த்து வந்தது என்பதற்குச் சான்று இல்லை. புகழ்ச்சியையும் தற்செயலையும் கழித்தபின் சக்கரமும் நூலும் சுருளும் வெட்டுத்தழைப்பும் மிஞ்சுகின்றன. மிஞ்சிய நான்கையும் எவரும் வேலியோரம் நின்று சரிபார்க்கலாம் என்பதால் அவற்றை நம்பலாம். இவற்றிற் பல வடமொழிப் பெயர்கள், யாழ்ப்பாணத்துக்கு என்ன உரிமை என்று கேட்போரும் உண்டு. வைத்தியர் தமக்கு வேண்டியதை வடமொழியிலிருந்தும் தமிழிலிருந்தும் எடுத்தனர்; அமிர்தவல்லியும் குண்டலியும் சோமவல்லியும் தமிழ் வைத்தியரின் அன்றாடச் சொற்கள். மருந்து அரைப்பவனின் கையில் மொழிவேலி இருந்ததில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது: பெயரை நம்பினால் உயிர் போகும். 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்கான சிகிச்சை பெற்ற பெண்கள் பலரின் சிறுநீரகம் பழுதாயிற்று. சீனத்தில் ஃபாங் ஜி எனப்படும் ஸ்டெபானியாவுக்குப் பதில், குவாங் ஃபாங் ஜி எனப்படும் அரிஸ்டோலோக்கியா மருந்தில் புகுந்திருந்தது. ஸ்டெபானியா சீந்திலின் குடும்பத்துக் கொடி. அரிஸ்டோலோக்கியா நம் ஈசுரமூலியின் பேரினம். பெயர் ஒத்தது, வெட்டுவாய்ச் சில்லுகூட ஒத்தது, ஏனெனில் அரிஸ்டோலோக்கியாத் தண்டிலும் அகன்ற கதிர்கள் உண்டு. நம் பக்கத்திலும் 2021இல் சீந்தில் உட்கொண்ட சிலருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் எழுதினர். பருக்கள் அடர்ந்த டினோஸ்போரா கிறிஸ்பா என்ற உறவுக்கொடி மாறியிருக்கலாம் என்று இந்திய ஆயுஷ் அமைச்சு சொன்னது; அதை ஏற்காத மருத்துவர்களும் உண்டு. இவற்றைக் காட்டிப் பெயர்மரபைத் தள்ளிவிடலாமா? பிரசெல்ஸில் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால், பெயர் மட்டும் பயணம் செய்தது, செடியும் கண்ணும் கூடப் போகவில்லை. சீந்தில் சர்க்கரை செய்யும் பரியாரி முற்றிய பச்சைக்கொடியைத் தானே அறுத்து, தோலைச் சீவி, இடித்து, நீரில் கரைத்து வடித்து, தெளிந்த நீரை மீண்டும் மீண்டும் இறுத்து, அடியில் படிந்த வெண்மாவைக் காயவைப்பார். தோல், பரு, விழுது, சில்லு, கசப்பு எல்லாம் அந்த வேலையின் வழியில் ஒவ்வொன்றாகக் கையில் படும். ஒரு குறி ஏமாற்றினாலும் அடுத்த குறி தடுக்கும். பல பெயர்களின் பயன் அதுதான். போத்தலில் வாங்கிய தூளில் எந்தக் குறியும் இல்லை. அங்கே பரியாரியின் கண் உதவாது. மாதிரித் தாளும் நுணுக்குக்காட்டியும் வேதிச் சோதனையுமே உதவும். ஆகவே இந்த மறுப்பு பெயர்மரபை வீழ்த்தவில்லை; அதன் எல்லையைக் காட்டி, அந்த எல்லையில் தாவரவியலைக் காவலுக்கு அழைக்கிறது.

இன்று அவசரம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. குடாநாட்டில் கதியால் வேலி போய்ச் சீமெந்து மதில் வருகிறது. மதிலில் சீந்தில் ஏறாது. ஏறாத கொடியை அறுப்பார் இல்லை. அறுக்காத கொடியின் சில்லைப் பார்ப்பாரும் இல்லை. சக்கரலட்சணிகா அப்போது ஏட்டில் மட்டும் கிடக்கும் ஓசையாகிவிடும். 1984இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துச் சித்த மருத்துவப் படிப்பின் மாணவரும், தாவரவியல் மாணவரும், மிஞ்சியிருக்கும் பரியாரிமாரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை பெரிய செலவுடையதல்ல. ஊர் ஊராக, வேலியில் நிற்கும் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு தாள்: உலர்த்திய இலை, கிடைத்த பருவத்துப் பூ அல்லது கனி, லத்தீன் பெயர், அந்த ஊரில் வழங்கும் எல்லாத் தமிழ்ப் பெயர்களும், அந்தப் பெயருக்குப் பரியாரி சொல்லும் காரணமும். லின்னேயஸின் முறை கேட்பது இவ்வளவும் தரும். அதோடு நம் மரபு கேட்கும் ஒன்றையும் சேர்க்க வேண்டும்: தண்டின் ஒரு குறுக்குத் துண்டு, சில்லுத் தெரியும்படி சீவி, தாளின் மூலையில் தைத்து.